தார்ப்பாய்க் கூடாரத்தில் டிரம் அடுப்பு

என் மகனுக்கு எட்டு மாதம் நடந்துகொண்டிருந்தபோது எங்கள் வீட்டுக்குக் கோழிக்குஞ்சுகள் வந்தன. கம்பெனிக் குஞ்சுகள். குஞ்சையும் தீவனத்தையும் அவர்களே வண்டியில் கொண்டுவந்து இறக்குவார்கள். வளர்த்துக் கொடுப்பது நம் பொறுப்பு. முதல் தடவையே நிறையச் செத்துப்போனால் மறுபடி அந்த வண்டி நம் வாசலுக்கு வராது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் கோழிக்கென்று ஷெட் கட்டிய என் கணவருக்கும், தன் பங்குக்கு ஆட்டையெல்லாம் விற்றுக் கொடுத்த அவருடைய அம்மாவான என் அத்தைக்கும் இரவு பகலாக அதே நினைப்புதான்.

நான் திண்டுக்கல் டவுனில் வளர்ந்தவள். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, ஒட்டன்சத்திரம் போகிற வழியில் ஒரு கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். கோழி என்பது ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து திரும்பும்போது வாங்கி வருவது என்கிற அளவில்தான் எனக்குப் பழக்கம்.

பிறந்த குஞ்சுக்கு முதல் பத்து நாள் தாய்க்கோழியின் சூடு வேண்டும். கம்பிவலை அடித்த அவ்வளவு பெரிய ஷெட்டைச் சூடாக்க முடியாது. அதனால் அதன் ஒரு மூலையில், சவுக்குக் கம்புகளை நட்டு, பழைய லாரித் தார்ப்பாயைப் போர்த்தி ஒரு கூடாரம் கட்டினார் என் கணவர். பத்து நாள் கழித்துக் கழற்றி மடித்து வைத்துவிடலாம். உள்ளே தகரத்தை வட்டமாக நிறுத்தி, தரையில் உமி பரப்பி, மேலே குண்டு பல்புகளைத் தொங்கவிட்டால் குஞ்சுகளுக்கு வீடு தயார். கரண்ட் போனால் என்ன செய்வது என்பதற்குத்தான் அடுப்பு. பேகம்பூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் சின்ன டிரம் ஒன்றை அறுத்து, விறகு போட ஒரு கதவு, நிற்க மூன்று கால், புகை போக ஒரு குழாய் என்று செய்து வாங்கி வந்திருந்தார். குழாய் தார்ப்பாயைத் துளைத்து, கம்பிவலையையும் தாண்டி, ஷெட்டுக்கு வெளியே போய் வானத்தைப் பார்த்து வளைந்து நின்றது. அவருக்கு அதில் அப்படி ஒரு பெருமை. வருகிறவர்களிடமெல்லாம், "எஞ்சின் மாதிரி இல்ல?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போது வேறொரு பெயர் இருந்தது வீட்டில். மகன் நன்றாகத் தூங்கினால் எனக்குப் பயம் வந்துவிடும். மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். மூச்சு தெரிந்தாலும் நம்பிக்கை வராது, கன்னத்தை லேசாகத் தட்டுவேன். அவன் சிணுங்கி விழித்துக்கொள்வான். மறுபடி தூங்கவைக்க அரைமணி நேரம் ஆகும். அத்தை தலையில் அடித்துக்கொள்வார்.

"ஏந்தாயி, ஊர்ல எல்லாவளும் அழுகுற புள்ளைய அமத்துவாளுக. தூங்குற புள்ளைய எழுப்பி அழுகவிடுற ஒரே மகராசி நீதான். பெத்தவளா, போலீஸ்காரியா?"

என் கணவரும் அதைப் பிடித்துக்கொண்டார். நான் தொட்டில் பக்கம் போனாலே, "இன்ஸ்பெக்டரம்மா வாராங்க, எல்லாரும் மூச்சு விடுங்க" என்பார். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டுப் போய் விரலை வைத்துப் பார்ப்பேன்.

குஞ்சு வந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ மழை பிடித்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின மழை. வாசலில் கட்டியிருந்த காகித நட்சத்திரம் நனைந்து, குச்சி மட்டும் தொங்கியது. மத்தியானம் சாப்பிடுகிற நேரத்தில் கரண்ட் போனது. என் கணவர் ஓடிப்போய் அடுப்பைப் பற்றவைத்தார். கருவேல விறகு, நின்று எரியும். ஆனால் மழைத் தண்ணீர் குழாய் வழியாக உள்ளே வடிந்து நெருப்பில் சுர்ரென்றது. அவர் வெளியே போய், ஒரு பெயிண்ட் டப்பாவைக் குழாயின் வாயில் சாய்வாகக் கவிழ்த்து, புகை போக இடம் விட்டுக் கம்பியால் கட்டிவிட்டு வந்தார். காய்ந்த விறகு போதாது என்று பக்கத்துத் தோட்டத்துக்குக் கிளம்பினார்.

"வந்துர்றேன். சூடு மட்டும் விட்றாதீங்க" என்றார், சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு.

அத்தை சூட்டை விடவில்லை. தார்ப்பாயின் அடியில் காற்று வருகிற இடமெல்லாம் தீவனச் சாக்கைச் சுருட்டிச் சுருட்டி அடைத்தார். அவருக்குக் காற்றுதான் எதிரி. என் மகனுக்கும் அப்படித்தான், காதை மூடிக் குல்லா, அதற்கு மேல் ஒரு துண்டு. அவனுக்கு அன்றைக்குச் சளி வேறு.

"வீடெல்லாம் ஈரமா கெடக்கு. புள்ளைய இங்க கொண்டா தாயி. இம்புட்டுக் கதகதப்பு வேற எங்க இருக்கு?"

எனக்கு மனசு ஒப்பவில்லை. கோழிக்குஞ்சு இருக்கிற இடத்தில் எட்டு மாதக் குழந்தையா? ஆனால் வீட்டில் நிஜமாகவே குளிர்ந்தது. எதைச் செய்தாலும் தப்பாகிவிடுமோ என்று நினைக்கிறவர்கள் கடைசியில் அடுத்தவர் சொன்னதைத்தான் செய்வார்கள். தூக்கிக்கொண்டு போனேன்.

உள்ளே உண்மையிலேயே சுகமாக இருந்தது. வெளியே ஷெட்டு ஓட்டில் மழை கொட்டும் சத்தம். விறகு எரிந்து அடங்கிக் கங்காகியிருந்தது. புகையே இல்லை. மகன் என் மடியில் தூங்கிப்போனான். அத்தை கால் நீட்டி உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டத் தொடங்கினார். எனக்கு லேசாகத் தலை வலித்தது. காலையிலிருந்து காபி குடிக்கவில்லை, அதனால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் சத்தம் நின்றிருப்பது உறைத்தது. குஞ்சுகள் ஒருபோதும் சும்மா இருக்காது. குளிர்ந்தால் கத்தும். சூடு சரியாக இருந்தால் முணுமுணுவென்று தமக்குள் பேசிக்கொண்டே இருக்கும். இப்போது எதுவும் இல்லை. அத்தனையும் உமியில் கழுத்தை நீட்டிப் படுத்திருந்தன.

"அத்தே, சத்தத்தையே காணோமே."

"சூடு ஒத்துக்கிருச்சு. எம்புட்டுச் சொகமாத் தூங்குதுக பாரு. அதுகளையும் எழுப்பப் போறியாக்கும்?" என்றார் அத்தை. அவர் குரலே தூக்கமாக இருந்தது.

எழுப்பத்தான் போனேன். இருந்த இடத்திலிருந்தே எட்டி ஒரு குஞ்சைக் கையில் எடுத்தேன். அதன் தலை என் விரலுக்கு அந்தப் பக்கம் தொங்கியது. இன்னொன்றை எடுத்தேன். கண்ணைத் திறந்தது, மூடிக்கொண்டது. மடியில் இருந்தவனின் கன்னத்தைத் தட்டினேன். சிணுங்கவில்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாகத் தட்டினேன். முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டான்.

மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயு வரும் என்று எனக்குத் தெரியும். சமன்பாடு எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் என்னை எழுப்பியது படிப்பு என்று சொல்ல மாட்டேன். அவன் சிணுங்காததுதான்.

எழுந்தேன். அவனைத் தோளில் போட்டுக்கொண்டேன். தார்ப்பாயைத் தூக்கி, சாக்குகளைக் காலால் உதைத்துவிட்டு, ஷெட்டைத் தாண்டி நேராக மழைக்குள் போனேன்.

"ஏ கிறுக்கி! சளிப்புள்ளைய மழையில எங்க தூக்கிட்டுப் போற?" அத்தை கத்திக்கொண்டே எழுந்து வந்தவர், ஷெட்டு வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

குல்லாவைக் கழற்றி எறிந்தேன். மழை அவன் நெற்றியில் விழுந்தது. மூச்சை இழுத்தான், முகம் சிவந்தது, பிறகு அழுதான். அப்படியொரு அழுகையை அவன் அதற்கு முன்னால் அழுததில்லை. அந்த மழையில் நின்று நானும் அழுதேன்.

விறகுக்கட்டோடு வந்த என் கணவர் எங்களைப் பார்த்தார், பிறகு குழாயைப் பார்த்தார். டப்பா காற்றில் கம்பியை இளக்கிக்கொண்டு, குழாயின் வாயில் முழுதாக இறங்கி உட்கார்ந்திருந்தது. டப்பாவைப் பிடுங்கி வீசினார். பிறகு அரிவாளால் தார்ப்பாயின் உச்சியில் கைநீளத்துக்குக் கிழித்தார். தகரத்தை விலக்கி, குஞ்சுகளைக் கூடைகூடையாக அள்ளி ஈரக்காற்றில் வைத்தோம். சில எழவே இல்லை. மற்றவை ஒவ்வொன்றாகத் தள்ளாடி நின்று, கத்த ஆரம்பித்தன. எல்லாவற்றுக்கும் குளிர்ந்தது. அந்தக் கத்தலைக் கேட்கக் கேட்க எனக்குத் தெம்பு வந்தது.

மகனுக்குக் காய்ச்சல் வந்தது. டவுனுக்குக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டினோம். நெஞ்சில் சளி, வேறொன்றும் இல்லை என்றார். நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். மழையால் வந்த காய்ச்சலா, நான் அவசரப்பட்டுவிட்டேனா, தார்ப்பாயைத் தூக்கிவிட்டு அங்கேயே நின்றிருந்தால் போதாதா என்று பல நாள் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த பேட்ச் வந்தது. கூடாரத்தின் அந்தக் கிழிசலை நாங்கள் தைக்கவில்லை.

காய்ச்சல் விட்ட அன்று மத்தியானம் அவன் தொட்டிலில் நன்றாகத் தூங்கினான். எழுந்து போய்ப் பார்க்க எனக்குக் கால் துறுதுறுத்தது. கேலி செய்வார்களே என்று அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டு அடக்கிக்கொண்டேன். முடியாமல் வாசற்படிவரை வந்தபோது, அத்தை தொட்டிலுக்குள் குனிந்திருந்தார். அவன் மூக்குக்குக் கீழே விரலை வைத்திருந்தார். என்னைப் பார்த்தும் கையை எடுக்கவில்லை.

"விடுறான் தாயி, நல்லா விடுறான்" என்றார். பிறகு, நம்பிக்கை இல்லாதவர்போல, கன்னத்தை லேசாகத் தட்டினார்.