சத்தம் வராத வகுப்பு

என் அக்கா கணிதப் பேராசிரியர் ஆனதற்கு நான்தான் காரணம் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். நான் செய்ததெல்லாம் பெயிலானது மட்டும்தான். இதற்குப் பெருமைப்படுவதா, வயிற்றெரிச்சல் படுவதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

எனக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. கல்லூரியில் கணிதம் படிக்க இடம் கிடைத்தது, ஆனால் பாடத்தைச் சைகையில் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. அக்கா பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுச் சலவைக் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் என்னோடு சரளமாகச் சைகை பேசுகிறவள் அவள் ஒருத்திதான். அவளையே அனுப்புவது என்று அப்பா முடிவு செய்துவிட்டார்.

வாத்தியார் வாய் திறப்பார், அக்கா கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று கை அசைப்பாள். ஆரம்பத்தில் இரண்டு பேருக்குமே ஒரு மண்ணும் விளங்கவில்லை. ஆனால் தனக்குப் புரியாததைக் கையால் சொல்ல அவளுக்கு வராது. நடுவகுப்பில் வாத்தியாரை நிறுத்திக் கேள்வி கேட்பாள். எனக்கு மானம் போகும். போகப் போக அவள் விழித்துக்கொண்டாள், நான் தூங்க ஆரம்பித்தேன். கடைசியில் பெயிலாகி, படிப்பை விட்டுவிட்டு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அவள் விடவில்லை. பள்ளித் தேர்வை எழுதி, பட்டம் வாங்கி, ஆராய்ச்சியும் முடித்தாள். என் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாளே என்று ஆத்திரமாக இருந்தது. அவள் பேச வந்தால் கண்ணை இறுக மூடிக்கொள்வேன். காது கேட்காதவன் வேறு எப்படிச் சண்டை போடுவது?

அதே கல்லூரியில் ஓர் ஆசிரியர் இடம் காலியானது. இதை விட்டால் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். மாதிரி வகுப்புக்கு முந்தின நாள் என் கடைக்கு வந்து நின்றாள்.

"நாளைக்கு நீ வந்து முன்னாடி உக்காரணும்டா."

"எதுக்கு?"

"கை அசைக்காம எனக்குக் கணக்கு சொல்ல வரல. நாக்கு ஒட்டிக்குது."

மறுபடியும் நானா என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள்.

துறைத் தலைவரும் இரண்டு பேராசிரியர்களும் உட்கார்ந்திருந்தார்கள். பகா எண்களுக்கு முடிவே இல்லை என்பதுதான் பாடம். அக்கா என்னைப் பார்த்துக் கை அசைத்தாள், உதடும் அசைந்தது. இருக்கிற பகா எண்களை எல்லாம் பெருக்கு, ஒன்றைக் கூட்டு. அட, எனக்கே புரிகிறது! ஆனால் பெரியவர்கள் மூவரும் திருதிருவென்று முழித்தார்கள். ஒருவர் காதைத் தடவினார். இவர்களுக்கே புரியவில்லையா என்று எனக்கு உள்ளூரக் குஷி. அப்போது தலைவர் எழுந்து இரண்டு கையையும் ஆட்டினார். அக்காவின் முகம் வெளிறிப்போனது.

"என்னக்கா?"

"சத்தமே வரலையாம்டா. உன்னையே பார்த்துட்டு வாயை மட்டும் அசைச்சிருக்கேன்."

வீட்டில் என்னோடு அப்படித்தான் பேசுவாள். எனக்குக் குரல் எதற்கு? அந்தப் பழக்கம் இங்கே வந்து காலை வாரிவிட்டது. நான் வராமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. வேலை போச்சு என்றே நினைத்தேன்.

தலைவர் ஏதோ கேட்டார். அக்கா எனக்குச் சொன்னாள்: "தம்பிக்காவது புரிஞ்சுதான்னு கேக்குறார்."

ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம். என் பாழாய்ப்போன கை, "கடைசி வரி புரியல" என்றது. அடுத்தவர் பேச்சைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறவள் அக்கா. அதையும் அப்படியே சொன்னாள் போல, மூவரும் சிரித்துவிட்டார்கள். பிறகு ஒரு கையைத் தொண்டையில் வைத்து, குரல் அதிர்கிறதா என்று பார்த்துக்கொண்டே, மறு கையால் முதலிலிருந்து தொடங்கினாள். அந்தப் புது எண்ணைப் பழைய பகா எண்கள் எதுவும் மீதியில்லாமல் வகுக்காது. அதனால் நம்மிடம் இல்லாத ஒரு பகா எண் எங்கேயோ இருந்தே ஆகவேண்டும். கடைசி வரியும் புரிந்தது. மூவரும் முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

முடிந்ததும் தலைவர் இன்னொன்று கேட்டார். "எனக்கு யாரு கணக்கு சொல்லிக் குடுத்ததுன்னு கேக்குறார். உன்னைச் சொன்னேன்" என்றாள் அக்கா.

எனக்குச் சுருக்கென்றது. "நான் இல்லன்னு சொல்லு. நான் பெயிலானவன்னு சொல்லு."

அவள் முகத்தைக் கரும்பலகைப் பக்கம் திருப்பிக்கொண்டு அவர்களிடம் ஏதோ சொன்னாள். உதடு எனக்குத் தெரியவில்லை. தலைவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மற்ற இருவரும் குலுக்கினார்கள்.

அக்காவுக்கு வேலை கிடைத்தது. வெளியே வந்ததும் கேட்டேன்: "நான் சொன்னதை அப்படியே சொன்னியா?"

"அப்படியேதான்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

பெயிலானவன் கையை யாராவது அப்படிக் குலுக்குவார்களா?