டயர் பேச்சைக் கேட்பவள்

ஸ்க்ரூடிரைவர் முனையால் டயர் பள்ளத்தில் சிக்கிய கல்லை நெம்பி எடுத்து, உள்ளங்கையில் போட்டு உருட்டிப் பார்க்கிறாள் ஜாஸ்மின். வண்டிக்காரர் பக்கத்திலேயே நிற்கிறார். அவர் முகத்தை அவள் இன்னும் பார்க்கவில்லை.

"புதுசா போட்ட ரோட்டு ஜல்லி. மலையேறுறேன்னு சொன்னீங்களே, எந்த மல சார்? பல்லாவரம் பாலமா?"

படப்பை மெயின் ரோட்டில் இருக்கும் அந்த டயர் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்பது, "ஓனர் இல்லீங்களா?" என்பதுதான். ஜாஸ்மின் அதற்குப் பதில் சொல்வதில்லை. உள்ளே அலைன்மென்ட் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் அவள் கணவன் பிரவீன் தலையை மட்டும் நீட்டி, "அவங்கதாங்க ஓனரு" என்பான். கல்யாணமான இருபத்திரண்டு வருடங்களில் அவன் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்ட விஷயங்களில் இது முக்கியமானது.

ஒரகடம் பக்கத்து டயர் தொழிற்சாலை ஒன்றில் ஒன்பது வருடம் கடைசிப் பரிசோதனையில் நின்றவள் அவள். கண்ணுக்குத் தப்பிய வீக்கம் அவள் விரலுக்குத் தப்பாது. தேய்ந்த டயரைத் தடவியே ஜாதகம் சொல்லுவாள். நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. ஒரே ஓரம் தேய்ந்தால் அலைன்மென்ட் கோணல், பிரவீனுக்கு வேலை. இவ்வளவும் தெரிந்தவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு ஷேர் ஆட்டோவில்தான் போகிறாள். ஏறுவதற்கு முன் அதன் டயரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கர்த்தர் காப்பாரு" என்று முனகிக்கொண்டே ஏறுவாள்.

இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் நாலு வருடம் வேலை பார்த்த இளைஞர்களுக்கு ஐந்தாம் வருடம் ஒரு ஆசை வரும். நாலு சக்கரமும் இழுக்கிற சின்ன ஜீப் வாங்குவார்கள். வாங்கிய வாரமே பட்டன் டயர் கேட்டு இங்கே வருவார்கள். கட்டை கட்டையாக ரப்பரும் நடுவில் அகலப் பள்ளமுமாக இருக்கும் டயர் அது. சேற்றைக் கடித்து, அள்ளி, பின்னால் வீசிவிட்டு முன்னேறும். தார் ரோட்டிலோ மாவு மில் மாதிரி இரையும், டீசல் குடிக்கும், மழை நாளில் பிரேக் போட்டால் நாலடி தள்ளித்தான் நிற்கும்.

ஹேமந்த் என்று ஒருவன் வந்தான். கம்பெனி ஒன்றில் பொறியாளர். வண்டியின் பிளாஸ்டிக் உறையைக்கூட முழுதாகப் பிரித்திருக்கவில்லை.

"பெரிய சைஸ் பட்டன் வேணும் மேடம். கரடுமுரடான எடத்துல ஓட்டுவேன்."

ஜாஸ்மின் ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடிக்கச் சொல்லி, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரலை விட்டுக் காட்டினாள். "ரெண்டு வெரல்தான் கீது. பெரிசு மாட்டினா திருப்பத்துல ஒரசும். வூடு எங்க தம்பி?"

"மணிமங்கலம் பக்கம். அபார்ட்மென்ட்."

"அங்க கரடுமுரடு எங்க கீது, பார்க்கிங்லயா?"

ரோட்டு டயரோடுதான் திரும்பிப் போனான். ஒரு மாதம் கழித்து, மைலேஜ் நன்றாக இருக்கிறது என்று ஒரு பெட்டி இனிப்போடு வந்தான். இப்படி நிறையப் பேர். "மனுசன் வாய் ஆயிரம் சொல்லும். டயரு பொய் சொல்லாது" என்பாள். அவள் கணிப்பு பலித்துக்கொண்டே இருந்ததுதான் வினையாகப் போயிற்று.

போன வருடம் ஆகஸ்டில் திருமலை வந்தான். ஒரகடத்தில் ஷிப்டு வேலை. முப்பது வயதிருக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்ன ஜீப். அவனும் பட்டன் டயர்தான் கேட்டான். ஜாஸ்மின் வழக்கம்போலக் குனிந்தாள். ஒரே சீரான தேய்மானம், பள்ளத்தில் ஜல்லி, சேற்றின் தடயம் துளியும் இல்லை. அது பழைய சொந்தக்காரர் ஓட்டிய தேய்மானம் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

"கம்பெனிக்கும் வூட்டுக்கும் போறதுக்கு எதுக்குப்பா பட்டன்?"

"இல்லக்கா, எங்க வூட்டுக்கு ஏரி வழியாத்தான் போவணும். மழையில அது…"

"இங்க வர்ற எல்லாருக்கும் ஏரி வழிதான், காட்டு வழிதான்! போப்பா." பிரவீன் உள்ளேயிருந்து சிரித்தான். திருமலையும் சிரித்துவைத்தான். பிறகு ஒருதரம் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். ரோட்டு டயர் மாட்டிக்கொண்டு போனான்.

ஜனவரியில் அலைன்மென்ட் பார்க்க வந்தபோது அவன் தலையில் மொட்டையடித்து வளர்ந்த முடி விரற்கடை அளவுக்கு நின்றது.

"யாருக்குப்பா?"

"அப்பாக்குதான்க்கா. உங்களுக்குத் தெரியாது இல்ல? கிட்னி ரெண்டும் போயி ஒரு வருசமா டயாலிசிஸ். செவ்வா, வியாழன், சனி தண்டலத்தாண்ட ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவேன். அதுக்குத்தான் வண்டியே வாங்கினது. டிசம்பர்ல மழ புடிச்சிகிச்சி பாருங்க, அந்தச் செவ்வாக்கெழம காலைல ஏரிக்கரையாண்ட வண்டி சிக்கிகிச்சி. பள்ளமெல்லாம் களிமண்ணு அப்பி டயரு மொழுக்குனு ஆயிட்சி. சுத்துது, நகரல. வேற வண்டி உள்ள வர முடியல. வியாழக்கெழம டிராக்டர் வச்சி இழுத்து ஆஸ்பத்திரில சேத்தோம். வெள்ளிக்கெழம போய்ட்டாரு."

ஜாஸ்மின் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள். கையில் ஒன்றுமில்லாமல் நிற்பது சங்கடமாக இருந்ததால் மறுபடி எடுத்துக்கொண்டாள்.

"உங்க டயரு மேல குத்தம் இல்லக்கா," என்றான் அவனே. "ஹார்ட்டு ஏற்கெனவே வீக்குனு டாக்டரு சொன்னாரு. ரோட்ல வண்டி சும்மா வெண்ண மாரி போவுது. எங்க கம்பெனி லைன்ல ரெண்டு பேருக்கு உங்க கடைய சொல்லிக்கீறேன்."

அந்த இரண்டு பேரும் அடுத்த வாரமே வந்தார்கள். "அக்கா சொன்னா கரெக்டா இருக்கும்னு திருமலை சொன்னாரு" என்றார்கள். ஒரு கடைக்காரிக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது. ஜாஸ்மின் அவர்கள் கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டு, தலைவலி என்று வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதிலிருந்து அவள் யாரையும் மறுப்பதில்லை. வாடிக்கையாளர் கேட்டதைக் கேட்டபடி கொடுக்கும் கடையை ஊரில் நல்ல கடை என்பார்கள். பிரவீனோ பதறிப்போனான்.

"இன்னாம்மா, ஊர்ல கீற எல்லாருக்கும் பட்டன் மாட்டி அனுப்பிகினு கீற? நேத்து அந்த டீச்சருக்குக்கூடவா?"

"கேட்டாங்க. குடுத்தேன்."

"அந்தத் திருமல வூட்டு விசயம் உனக்கு எப்டி தெரிஞ்சிருக்கும்? நீ இன்னா டாக்டரா?"

"டாக்டர்கூட மொதல்ல 'இன்னா பண்ணுது'னு வாயாலதான் கேப்பாரு. நான் அவன வாயத் தொறக்க வுட்டனா?"

பிரவீன் மெஷினுக்குப் போய், சரியாக இருந்த ஒரு வண்டிக்கு இன்னொரு முறை அலைன்மென்ட் பார்த்தான்.

இந்த அக்டோபரில், வானம் மூடிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், திருமலை மறுபடி வந்தான். இறங்கும்போதே சொன்னான்.

"அக்கா, பட்டன் டயரு மாட்டணும்."

அவள் குனிந்து பார்த்தாள். முக்கால்வாசி ரப்பர் அப்படியே இருந்தது. இன்னும் இரண்டு வருடம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம். ஏரிக்கரை வழியும் இப்போது பழைய வழியில்லை. அங்கே ஏதோ கிடங்கு வருகிறதென்று ஜூனிலேயே அகலமாகத் தார் போட்டுவிட்டார்கள். அவன் லைன் ஆட்கள் சொல்லித் தெரியும். பத்து மாதமாகக் கேட்டவர்களுக்கெல்லாம் வாயை மூடிக்கொண்டு கொடுத்தவளுக்கு, இவனிடம் மட்டும் அப்படிக் கொடுக்க முடியவில்லை.

"இப்ப உங்க வூடு வரைக்கும் தாரு ரோடாமே, திருமல."

"ஆமாக்கா. சூப்பர் ரோடு."

"அப்ப இது வேணாம்பா. சத்தம் போடும். மழைல பிரேக்கு நிக்காது. இப்ப கீறதே நல்லாக் கீது."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா?"

"மழ வரப்போவுதுக்கா. மாட்டிடுங்க."

அவள் எழுந்து நின்று, கடைக்கு வந்த ஓர் ஆளை முதல்முறையாக நேராக முகம் பார்த்துப் பேசினாள். "அன்னிக்கு நீ கேட்டப்பவே நான் மாட்டியிருக்கணும்."

திருமலை ஜீப்பின் பானெட்டைத் துடைக்கிற மாதிரி தடவினான். "நானும் வெசயத்த சொல்லியிருக்கணும். அவருக்குச் சீக்குனு வெளில சொன்னா அப்பாக்குப் புடிக்காதுக்கா. ஆஸ்பத்திரிக்குப் போவும்போதுகூட இஸ்திரி போட்ட சட்டதான். அதான், ஏரி வழினு மட்டும் சொன்னேன்."

"அது போதும்ப்பா. கேக்கறவளுக்குத்தான் காது இல்ல."

அவன் மறுக்கவில்லை. டிசம்பரின் பாரத்தை ஜனவரியில் முழுதாகத் தானே சுமந்துகொண்டவன், இப்போது ஒரு பாதியை அவளிடம் விட்டுவைத்தான். அவளுக்கு அது ஏனோ ஆறுதலாக இருந்தது.

அதே சைஸில் நான்கு பட்டன் டயர்களை அவளே ராக்கிலிருந்து உருட்டி வந்தாள். ஒவ்வொன்றையும் உள்ளும் புறமும் தடவிப் பார்த்தாள். காற்றை அவளே அளந்து வைத்தாள், தார் ரோட்டுக்கான அளவு. அதைப் பற்றி அவன் கேட்கவில்லை. தூறல் ஆரம்பித்திருந்தது.

டயர் மாட்டிய வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது பிரவீன் வேலை. அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். திருமலை அதற்குள் ஸ்டியரிங் முன் உட்கார்ந்து, "நீங்க வாங்கக்கா, ஒரு ரவுண்டு போய்ப் பாத்துட்டு வந்துடலாம்" என்றான்.

ஜாஸ்மின் இடதுபக்கம் போய் முன்கதவைத் திறந்தாள். சீட்டு பின்னால் முழுக்கச் சாய்ந்து கிடந்தது, முடியாதவர் ஒருவர் படுத்துக்கொண்டே போகிற மாதிரி. தலை வைக்கும் இடத்தில் ஒரு போர்வை, டிசம்பரில் மடித்து வைத்தபடியே இருந்தது.

"நிமித்திக்குங்கக்கா, கைப்புடி கீழதான் கீது," என்றான் அவன், முன்கண்ணாடியைப் பார்த்தபடி.

அவள் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். வண்டியைச் சுற்றிக்கொண்டு போய், ஸ்டெப்னி தொங்கும் பின்கதவைத் திறந்து, முதுகை வளைத்து ஏறி, அவனுக்குப் பின்னால் இருந்த கொஞ்ச இடத்தில் முழங்காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள்.