மூன்று மலிவுக் கடிகாரங்களும் ஒரு முழு மணி நேரமும்

என் நாட்குறிப்பில் 9.8.2025, சனிக்கிழமைக்கான பக்கம் இப்படித் தொடங்குகிறது: "கடிகாரம் மூன்று. சோதனை: ஞாயிறு மாலை 6.00 முதல் வெள்ளி மாலை 6.00 வரை. அ: பிசகு இல்லை. ஆ: 4 நொடி முந்தல். இ: 2 நொடி பிந்தல். முடிவு: அ." இது காலையில், கிள்ளான் வீட்டில், நீல மையில் எழுதியது. அதற்குக் கீழே அன்று பிற்பகல் ரயிலில், பையில் அகப்பட்ட சிவப்புப் பேனாவால் எழுதிய இன்னொரு வரி இருக்கிறது: "முடிவு தவறு."

நாட்குறிப்பில் நான் எதையும் அடிப்பதில்லை. நூலகத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்து வந்த பழக்கம். தவறாக எழுதியதும் அன்று எழுதியதுதான், அதற்கும் ஒரு தேதி உண்டு. இந்தத் தவறு எப்படி வந்தது என்பதைச் சற்று விரிவாகவே எழுதி வைக்கிறேன்.

என் வலது தோள் இறுகிப்போய் ஒன்றரை ஆண்டாகிறது. சனிக்கிழமைதோறும் கிள்ளானிலிருந்து ரயிலேறி கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போகிறேன். அங்கே ஒரு கடைவரிசையின் மாடியில், பதினேழு படி ஏறினால், தோளும் காலும் பிடித்துவிடுகிறவர் ஒருவர் இருக்கிறார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். வயது நாற்பத்தைந்து இருக்கும். அந்தத் தெருக்களில் இந்தத் தொழில் செய்யும் பார்வையற்றவர்கள் பலர் உண்டு. இவருக்கென்று ஒரு பெயர் இருந்தது: ஒரு மணி நேரம் என்றால் இவரிடம் சரியாக ஒரு மணி நேரம். ஐம்பத்தெட்டும் இல்லை, அறுபத்திரண்டும் இல்லை.

அந்தப் பெயரைக் காப்பாற்றியது ஒரு பழைய டிஜிட்டல் கைக்கடிகாரம். சதுர முகம், பிளாஸ்டிக் வார், நான்கு பட்டன். அதை அவர் கையில் கட்டியதே இல்லை. நாற்காலிக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். எண்ணெயைத் தொடுவதற்கு முன் ஒரு பட்டனை அழுத்துவார். அறுபது நிமிடம் கழித்து அது பத்து முறை பீப் அடிக்கும். அவ்வளவுதான். ஜூலை மாதம் பேட்டரி மாற்றிய பிறகு பின்மூடி சரியாக உட்காரவில்லை போலும். உள்ளே எண்ணெய் இறங்கி, ஒருநாள் பேச்சுமூச்சில்லாமல் போய்விட்டது.

கைப்பேசியை வைத்துப் பார்த்தார். எண்ணெய்க் கையால் தொட்டால் திரை கேட்பதில்லை. அலாரமாக அவர் மகள் வைத்திருந்ததோ, தவில் சத்தம். நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தவர்கள் துள்ளி எழுந்தார்கள். அதை விட்டுவிட்டு மனக்கணக்கில் பிடிக்கத் தொடங்கினார். எனக்கு ஒருநாள் எழுபத்தொரு நிமிடம் கிடைத்தது. குறித்து வைத்தேன், சொல்லவில்லை.

ஆனால் எனக்கு அடுத்தபடியாக, பதினொரு மணிக்கு வருகிறவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் சொல்லாமல் விடுகிறவர் இல்லை. ஆகஸ்ட் இரண்டாம் தேதி நான் படியிறங்கப் போனவள் குடையை மறந்து திரும்பி, பிறகு மழைக்காக அங்கேயே உட்கார்ந்திருந்ததால் நேரிலேயே கேட்டேன்.

"ஐம்பத்திரண்டு நிமிஷம்! போன வாரம் ஐம்பத்தஞ்சு. உன் மணி நேரம் தேஞ்சுக்கிட்டே வருதே தம்பி?"

"சார், வாட்ச் செத்துப் போச்சு சார்."

"அடுத்த சனிக்கிழமையும் இப்படின்னா நான் வேற ஆளப் பாத்துக்கிறேன். பத்து வருஷமா வரேன், அதுக்காகத்தான் முன்கூட்டியே சொல்றேன்."

அவர் போன பிறகு இவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"ஒரு ஆளு போறதப் பத்தி இல்லக்கா. இந்த சார் போய் நாலு பேருகிட்ட 'அவன் மணி நேரம் சரியில்ல'ன்னு சொன்னா, அப்புறம் என்னக்கா இருக்கு எனக்கு?"

"நான் பாத்து வாங்கித் தரேன்," என்றேன். "அடுத்த சனிக்குள்ள."

"அதே மாதிரி வேணும்கா. பழைய மாடல் டிஜிட்டல். பேசுற வாட்ச் வேணாம், அது இங்கிலீஷ்ல கத்தும்."

பழைய மாடல்கள் இப்போது மீண்டும் நாகரிகம் ஆகிவிட்டதால் தேடுவது சிரமமாக இல்லை. முதலாவதை பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளுக்கு முன்னாலுள்ள ஐந்தடி நடைபாதையிலேயே ஒரு மேசைக்கடையில் வாங்கினேன். வெள்ளி நிறம், சன்னமான உடம்பு. அதுதான் அ. ஞாயிறு காலை மேரு பாசார் சந்தையில் கிடைத்தது ஆ: கறுப்பு, தடித்த விளிம்பு. மூன்றாவது கிள்ளான் லிட்டில் இந்தியாவில், பூக்கடைக்கும் பலகாரக் கடைக்கும் நடுவே ஒரு கடிகாரக் கடையில். பளபளவென்று தங்க நிறம். அது இ.

"பாஸ், ஒரு வாரம் வச்சுப் பாத்துட்டு, சரியில்லன்னா திருப்பித் தரலாமா?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"ஆன்டி, வாட்ச்தானே வாங்குறீங்க, மாப்பிள்ளையா பாக்குறீங்க? பெட்டியத் தொலைக்காம கொண்டாங்க லா, போதும்."

கடிகாரங்களைப் பற்றி நூலகத்தில் இருந்தவற்றையெல்லாம் ஒரு காலத்தில் படித்திருக்கிறேன். நீர்க்கடிகாரம், ஊசல், கப்பல் கடிகாரம் எல்லாம். குவார்ட்ஸ் கடிகாரத்தினுள் ஒரு சின்னப் படிகத்துண்டு நொடிக்கு முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் முறை அதிர்கிறது. விலை அதிகமானாலும் மலிவானாலும் பெரும்பாலும் அதே அதிர்வுதான். இப்படி ஒரு சோதனை செய்ய எனக்கு வாய்ப்பே கிடைத்ததில்லை. அளவுகோல், பென்சில், கட்டம் போட்ட தாள் எல்லாம் வெளியே வந்தன. பத்திகள்: துல்லியம், எண்களின் தெளிவு, விளக்கொளி, கிழமை தேதி காட்டும் விதம், வாரின் தரம். ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண்.

மூன்றையும் சமையலறை அலமாரியில் வரிசையாகச் சாய்த்து வைத்தேன். ஞாயிறு மாலை ஆறு மணிக்குக் கைப்பேசி நேரத்தோடு பொருத்தினேன். ஏழு மணிக்கு மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகப் பீப் அடித்தன. எட்டு மணிக்கும் அப்படியே.

என் கணவர் செய்தித்தாளைத் தாழ்த்தினார். "என்ன, தவளை வளக்கிறியா?"

"நேரம் பாக்குறேன்."

"மூணு வாட்ச் வச்சு நேரம் பாக்கிற வீட்ல, சாப்பாட்டு நேரம் மட்டும் ஏன் தெரிய மாட்டேங்குது?"

சோறு வைக்க எழுந்தபோது, சத்தம் தொந்தரவாக இருக்கிறதே என்று மூன்றிலும் மணிக்கொரு பீப்பை அணைத்துவிட்டேன். நேரம் எண்ணி முடிந்தால் என்ன சத்தம் போடும் என்றும் கேட்டுப் பார்க்கவில்லை. அந்தப் பகுதி வேலை செய்கிறதா என்று எண்கள் இறங்குவதைக் கண்ணால் பார்த்து, சரி என்று குறி போட்டேன்.

ஒன்பதாம் தேதி காலை மூன்று பெட்டிகளோடும் தாளோடும் பதினேழு படி ஏறினேன். அ-க்கு ஐம்பதுக்கு நாற்பத்தாறு. அவர் கேட்டுக்கொண்டே வந்தார், மரியாதையாக, தலையைச் சாய்த்து.

"எண்கள் தெளிவு, எட்டு. விளக்கொளி, ஒன்பது. பச்சை வெளிச்சம், நல்லா பரவலா இருக்கு..."

"எதுக்குக்கா ஒன்பது?"

"விளக்குக்கு."

அவர் சிரிக்கத் தொடங்கினார். ஸ்டூல் ஆடியது. எண்ணெய்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டார்.

"அலாமாக்! லைட்டு எனக்கு எதுக்குக்கா? திருடன் வந்தா அவனுக்கு வழி காட்டவா?"

என் முகம் சூடானதை எழுதிக்கொள்கிறேன். ஒன்றரை ஆண்டாக அவரிடம் தோளைக் கொடுத்திருக்கிறேன். ஐந்து பத்திகளில் மூன்று, கண்ணுள்ளவர்களுக்கு மட்டுமே ஆனவை; நான்காவது, அவர் கையில் கட்டவே கட்டாத வார். அவருக்கு வேண்டிய ஒரே விஷயத்தை ஞாயிற்றுக்கிழமையே அணைத்தும் வைத்திருக்கிறேன்.

"கோவிச்சுக்காதீங்கக்கா," என்றார், இன்னும் கண்ணைத் துடைத்தபடி. "கொடுங்க, நான் மார்க் போடுறேன்."

கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு வந்தார். அ-வை வாங்கி ஓரங்களில் கட்டைவிரலை ஓட்டினார். பட்டன்கள் உடம்போடு உடம்பாக அமுங்கியிருந்தன. நகத்தால்தான் அழுத்த முடிந்தது. "அழுத்தினா ஒரு சத்தமும் வரலியே. ஓடுதா நிக்குதான்னு நான் யாருகிட்ட கேக்கிறது?" என்று திருப்பிக் கொடுத்தார். நாற்பத்தாறு மதிப்பெண் அத்தோடு போயிற்று.

ஆ-வின் பட்டன்கள் அவருக்குப் பிடித்திருந்தன. நான் ஒரு நிமிடம் எண்ண வைத்தேன். முடிந்ததும் அது போட்ட கூச்சலில் கீழ்த்தளத்துக் கடையில் யாரோ மேலே நோக்கி என்னவோ கேட்டார்கள்.

"இது வேணாம்கா. சார் கூரையில ஒட்டிக்குவாரு."

தங்க நிறத்ததைத் தயக்கத்தோடுதான் நீட்டினேன். என் தாளில் அதற்குக் கடைசி இடம். நான்கு பட்டன்களும் மிளகு அளவுக்குத் துருத்திக்கொண்டிருந்தன. அழுத்தியதும் 'டிக்' என்று ஒரு சிறு ஒலி. ஒரு நிமிடம் கழித்துப் பத்து பீப், தாழ்ந்த குரலில், அறைக்கு வெளியே கேட்காத அளவில். அவர் அதைத் துண்டுக்கு அடியில் வைத்துக் கேட்டார். ஆணியில் மாட்டிக் கேட்டார். குளிர்சாதனத்தைப் போட்டுவிட்டுக் கேட்டார்.

"இதுதான்கா."

"இது பிந்துது," என்றேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அஞ்சு நாளுக்கு ரெண்டு நொடி."

"அப்ப ஒரு மணி நேரத்துக்கு?"

மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன். நூற்றிருபது மணிக்கு இரண்டு நொடி. "ஒரு நொடியில அறுபதுல ஒரு பங்கு."

"ஐயோ, பாவம் சார். அடுத்த தடவை சேத்துக் கொடுத்துடறேன்." பிறகு, "என்ன கலர்க்கா இது?" என்றார்.

"தங்கம்."

"நல்லது லா. தங்கம் வாங்கி வச்சிருக்கேன்னு என் பொண்டாட்டிகிட்ட சொல்லலாம்."

அறுபது நிமிடத்தை நிலையாக அமைத்துக் கொடுத்தேன். மணிக்கொரு பீப்பும் வேண்டும் என்றார், அதையும் போட்டேன். என் தோளுக்கு அன்று நேரமில்லை. தலைமையாசிரியர் படியேறும் செருப்புச் சத்தம் கேட்டது. நான் நாற்காலியை மறைக்கும் திரைக்கு இந்தப் பக்கம், காத்திருப்பவர்களுக்காக மாட்டிய சுவர்க் கடிகாரத்துக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

'டிக்' என்று கேட்டபோது மணி 11.04.

அரைமணி போல வானிலையும் சர்க்கரை நோயும் பற்றிப் பேச்சு. பிறகு பேச்சு நின்றது. எனக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது. பன்னிரண்டு மணிக்கு அந்தக் கடிகாரம் ஒரு பீப் அடிக்கும். ஐம்பத்தாறாவது நிமிடம். அவர் அதை முடிவென்று எடுத்துக்கொண்டால்? எழுந்து போய்ச் சொல்லலாமா? சொன்னால் தலைமையாசிரியர் கேட்பார், யார் நேரம் பார்க்கிறார்கள் என்று. கைப்பையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

12.00. பீப்.

உள்ளங்கை தோலில் தேய்கிற சத்தம் நிற்கவில்லை. ஒரு சொடுக்குப் பிறகு அவர் குரல், எனக்காகத்தான் இருக்க வேண்டும், மெல்ல வந்தது: "அது ஒண்ணு. நமக்குப் பத்து."

12.04-க்குப் பத்து பீப். சட்டை உதறும் ஓசை. திரை விலகித் தலைமையாசிரியர் வந்து முதலில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு தன் கைக்கடிகாரத்தை, பிறகு என்னை.

"நீங்க இன்னும் போகலியா?"

"மழை வரும் போல இருந்துச்சு, சார்." வெளியே நல்ல வெயில்.

அவர் இவர் பக்கம் திரும்பினார். "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சே?"

"அக்காவக் கேளுங்க சார், அவங்கதான் சுவத்தப் பாத்துக்கிட்டு இருந்தாங்க," என்று என்னைக் காட்டிக்கொடுத்தார் இவர், கொஞ்சமும் கூசாமல். "பதினொண்ணு நாலு சார்," என்றேன்.

தலைமையாசிரியர் யோசித்தார். குறை கண்டுபிடிக்க முடியாத விடைத்தாள் ஒன்று கையில் இருப்பது போல முகம். "சரி. அடுத்த சனி, பதினொண்ணு," என்று சொல்லிப் படியிறங்கினார்.

ஆ-வை மேரு பாசாரில் திருப்பி வாங்க மாட்டோம் என்றுவிட்டார்கள். என் கணவர் அதைத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றும் நேரத்துக்கு வைத்துக்கொண்டார், குருவிகள் வருவதில்லை என்கிறார். அ என் மேசையில் இருக்கிறது, சத்தமில்லாமல், பிசகில்லாமல். தங்கக் கடிகாரம் திரும்பி வராது என்று சொல்ல லிட்டில் இந்தியாக் கடைக்குப் போனபோது கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "அப்ப மாப்பிள்ளை பிடிச்சிருக்கு!"

அன்றைய பக்கத்தின் கடைசியில் இன்னொரு குறிப்பும் உண்டு. படியிறங்கும் முன் தலைமையாசிரியர் ஒன்று சொன்னார்: "நான் ஒரு நிமிஷம்கூடத் தூங்கல, முழுக்க எண்ணிக்கிட்டுதான் இருந்தேன்." 11.38 முதல் 12.04 வரை நான் ஒரு குறட்டையைக் கேட்டேன். நடுவில் திரை இருந்தது. அடுத்த அறையிலும் ஆட்கள் இருந்தார்கள். அது யாருடையது என்பதை உறுதி செய்ய இயலவில்லை.