ஷேர் சிங்கப்பூர் போகுது, ஏறிக்கோ!

போன் எடுப்பவளுக்குச் சொந்தக் குரல் தேவையில்லை என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். அடுத்தவர் குரலும் தேவையில்லை என்பது இரண்டாவது, அதை நான் இன்னும் படிக்கவில்லை.

"லைன்ல இருங்க சார்" சொல்லிச் சொல்லியே தாடை கழன்ற சக ரிசப்ஷன் ஜீவன்களே, கேளுங்கள். பிளஸ் டூ முடித்த கையோடு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு வால்வு கம்பெனியில் சேர்ந்தேன். ஆறு மாதம் தற்காலிகம், பிறகு பெர்மனென்ட். பெர்மனென்ட் ஆனால் பக்கத்து ஊர் ஆரணியிலிருந்து கம்பெனி பஸ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரலாம். அதுவரை ஷேர் ஆட்டோவில் யாராவது ஒருவர் மடிதான். இரண்டாவது வாரமே முதலாளி, பர்சனல் மேனேஜர் சுகுணா மேடம், ஃபோர்மேன் ஏழுமலை அண்ணன் மூவரின் குரலும் என் தொண்டையில் குடிவந்துவிட்டது.

ரூட்டுப் பிரச்சினை

கம்பெனி வளர்ந்துவிட்டது, நம் ஷேர்களைச் சிங்கப்பூர் சந்தையில் லிஸ்ட் பண்ணப் போகிறோம் என்று முதலாளி எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். ஏழுமலை அண்ணன் அதை டீக்கடையில் சுருக்கிச் சொன்னார்: "கம்பெனி ஷேர் வுடுது." அரை மணியில் ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து போன். அந்த நேரம் பார்த்து நான் முதலாளி குரலில் ஹலோ சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன். "இன்னா சார், நீங்களும் ஷேர் வுட்றீங்களாமே?" என்றார் டிரைவர். "ஆமா நைனா, நேரா சிங்கப்பூர். நடுவுல எங்கியும் நிக்காது" என்றேன்.

பத்து நிமிடத்தில் ஏழு ஆட்டோக்கள் கேட்டை மறித்து நின்றன. நிஜ முதலாளி ஓடிப் போய், ஷேர் என்றால் பங்கு, பங்குக்குச் சக்கரம் கிடையாது என்று விளக்கினார். சுகுணா மேடம் என்னிடம் வந்து, "இன்னொரு வாட்டி அவர் குரல்ல பேசினே, பெர்மனென்ட் இல்ல, டெம்பரவரியும் இல்ல" என்றார். டிரைவருக்கு மட்டும் சமாதானம் ஆகவில்லை. "சிங்கப்பூரு நீங்களே ஓட்டிக்கோங்க சார். ஸ்டேஷனு எங்க ரூட்டு."

அமைதிக் காலம்

லிஸ்ட் ஆகிற வரை கம்பெனியைப் பற்றி யாரும் வெளியே பெருமையாகப் பேசக்கூடாதாம். அதற்கு 'குவையட் பீரியட்' என்று பேர். மேடம் அதை 'இன்று முதல் அமைதிக் காலம்' என்று தமிழில் எழுதி போர்டில் ஒட்டினார். ஏழுமலை அண்ணன் ஷிஃப்ட் முழுவதையும் ஊமையாக்கிவிட்டார். கிரேனை ஏற்ற ஒரு விரல், இறக்க இரண்டு விரல், நாஷ்டாவுக்கு வயிற்றில் தட்டல்.

எனக்குத்தான் பேஜாரு. போன் எடுத்தால் பேசியாக வேண்டும், பேசினால் புகழக்கூடாது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு கஸ்டமர், "உங்க வால்வு லீக் ஆகாதுல்லம்மா?" என்று கேட்டார். "அதைப் பத்தி நல்லவிதமா எதுவும் சொல்லக்கூடாதுன்னு ஆர்டர் சார்" என்றேன், அன்றைக்கு என் சொந்தக் குரலில். அவர் சொன்னார்: "இத்தனை வருஷத்துல உண்மையைச் சொன்ன மொத கம்பெனி இதுதானுங்க. நூறு பீஸ் அனுப்புங்க."

ரோடு ஷோ

முதலீடு செய்பவர்களைப் பார்த்துப் பேசி ஆள் சேர்ப்பதற்கு ரோடு ஷோ என்று பெயராம். "ரோடு ஷோ ஜோரா இருக்கணும்" என்று முதலாளி சொன்னது ஏழுமலை அண்ணன் காதில் விழுந்ததுதான் தப்பு. சிங்கப்பூரிலிருந்து கோட்டு சூட்டோடு மூன்று பேர் வந்து இறங்கினால், எதிரே திறந்த ஜீப், தாரை தப்பட்டை, கலர் பேப்பர் வெடி. கம்பெனி கிரேனில் ஒரு ராட்சத மாலை தொங்கியது. பூ இல்லை, அத்தனையும் வால்வு.

முதலாளிக்கும் ஜீப்பில் ஏறியதும் குஷி வந்துவிட்டது. சிப்காட் ரோடு முழுக்கக் கை கூப்பி, "உங்கள் வால்வு! நம்ம வால்வு!" என்று கத்திக்கினே வந்தார். அமைதிக் காலம் ஆட்டோ ஸ்டாண்டு தாண்டும்போதே செத்துப்போனது. வந்தவர்களில் ஒருவர் சிங்கப்பூர்த் தமிழர். தலையில் இருந்த கலர் பேப்பரைத் தட்டிவிட்டுக்கொண்டே கேட்டார்: "சார், எங்க ஊர்ல ரோடு ஷோன்னா ஹோட்டல்ல உட்கார வச்சுப் படம் காட்டுவாங்க. இங்க நாங்க எந்தச் சின்னத்துல ஓட்டுப் போடணும்?"

தொண்டை

மறுநாள் காலை முதலாளிக்குக் குரலே இல்லை. பதினோரு மணிக்கு, லிஸ்டிங்குக்கு அனுமதி தரும் சிங்கப்பூர்க் கமிட்டி போனில் கேள்வி கேட்கும்; அவர் பதில் சொல்லாவிட்டால் லிஸ்டிங் தள்ளிப்போகும். சுகுணா மேடம் வந்து, "கண்ணு, நீ முதலாளி மாதிரி பேசுவியே" என்றார். "பேசினா வேலை போயிடும்னீங்களே மேடம்?" "இப்ப பேசலேன்னா எனக்கும் போயிடும்டி!"

ஏமாற்று வேலை வேண்டாம் என்று நான் முதலிலேயே கமிட்டியிடம் சொல்லிவிட்டேன்: முதலாளிக்குத் தொண்டை கட்டிவிட்டது, அவர் எழுதிக் காட்டுவதை நான் படிப்பேன். ஆனால் முதல் சீட்டைக் கையில் வாங்கியதுமே வாய் தானாக அவர் குரலுக்குப் போய்விட்டது. "குட் மார்னிங் நைனா!" அந்தப் பக்கம் ஒரு பெரியவர், தொண்டை இவ்வளவு சீக்கிரம் சரியானதற்கு வாழ்த்துச் சொன்னார். மேடம் கண்ணை மூடிக்கொண்டார்.

கடைசிக் கேள்வி: உங்கள் கம்பெனி எந்தத் தனி ஆளையாவது நம்பி இருக்கிறதா, அவர் போய்விட்டால் ஆபத்து உண்டா? முதலாளி பேனாவைக் கடித்தார். மேடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுதி நீட்டினார். அதை அவர் குரலிலேயே படித்தேன்: "உண்டு. ரிசப்ஷன்ல ஒரு பொண்ணு இருக்குது." ஷேர் வாங்குபவர்களுக்கு அச்சடித்துத் தரும் அறிக்கையில் அதை அப்படியே சேர்க்கச் சொன்னது கமிட்டி. லிஸ்டிங்கும் ஆனது, கம்பெனி பஸ்சில் ஜன்னலோரமும் வந்தது. பெர்மனென்ட் ஆர்டரைக் கையில் கொடுக்கும்போது சுகுணா மேடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "இனிமே உன்னைத் தூக்கணும்னா சிங்கப்பூருக்கு லெட்டர் போட்டுட்டுத்தான் தூக்கணுமாம்."

ஆக, சக ஜீவன்களே, நம் தொழிலில் பேர் எடுக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், கடல் தாண்டி என் வேலை அச்சில் ஏறியிருக்கிறது, 'ஆபத்துகள்' என்ற தலைப்பில்.