சக்களத்திக் குழாய்

போன மாதம் செவிலிமேட்டில் மகள் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டைப் பார்க்கப் போனேன். மாடிக் குளியலறையில் ஒரு பிளம்பர் தனியாகக் குந்தியபடி, வெண்ணெய் நிறக் குழாயை அளந்து அறுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். நான் உள்ளே கால் வைக்கவும் அவர் பசை டப்பாவின் மூடியைத் திருகித் திறக்கவும் சரியாக இருந்தது. நெடி குப்பென்று மூக்கில் ஏறியது. நகப்பூச்சும் மண்ணெண்ணெயும் கலந்தது போல இருக்குமே, அந்த நெடிதான். மற்றவர்களுக்கு அதை முகர்ந்தால் தலை வலிக்கும். எனக்கு வயிறு எரியும்.

பேசாமல் கீழே இறங்கியிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? வெந்நீருக்கு என்ன குழாய் போடப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"வெந்நிக்கும் இதான் பெரியவரே. கொதிக்கக் கொதிக்க வந்தாலும் ஒண்ணியும் ஆவாது" என்றார்.

எனக்கு மிச்சமிருந்த ஒரே ஆறுதலைப் பிடுங்கிக்கொண்டது தெரியாமல் அவர் அடுத்த துண்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அது என்ன ஆறுதல் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் கவுஸைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் இரும்புக் குழாய் ஆள். முசரவாக்கத்தில் எங்களுக்கு இருந்த நிலம் அண்ணன்களுக்கே போதாது. தவிர, நான் ஏர் பிடித்தால் மாடு சிரிக்கும். அதனால் காஞ்சிபுரத்துக்கு வந்து குழாய் வேலையில் ஒட்டிக்கொண்டேன். கவுஸ் டவுன்காரன். அவன் அப்பா பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர். எங்களைச் சேர்த்து வைத்தது குழாயின் நீளம். இருபது அடி. கடையிலிருந்து வேலை நடக்கும் வீட்டுக்கு அதைக் கொண்டுபோக, முன்னால் ஒரு தோள், பின்னால் ஒரு தோள் வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்து பிரயோஜனம் இல்லை. சிநேகம் எல்லாம் பிறகு வந்ததுதான்.

கட்டைவண்டி பெரிய தெருக்களோடு நின்றுவிடும். சந்துகளுக்குள் நாங்கள்தான். துண்டை மடித்துத் தோளில் வைத்துக்கொள்வோம். அரை இஞ்சுக் குழாய் என்றால் ஐந்தாறைச் சேர்த்துக் கட்டுவோம், பெரியது என்றால் ஒன்றுதான். நான் முன்னால், கவுஸ் பின்னால். எப்போதும் அப்படித்தான். பின்னால் வருகிறவனுக்கு வழி தெரியாது, முன்னால் போகிறவன் சொல்லச் சொல்லக் கால் வைக்க வேண்டும். "பள்ளம்" என்பேன். பின்னாலிருந்து "ம்" வரும். "மாடு" என்பேன். "ம்." காலை நேரத்தில் தெரு நீளத்துக்குப் பாவு இழுத்துக் கட்டியிருப்பார்கள். எண்ணெய்ப் பிசுக்குள்ள இரும்பு அந்தப் பட்டு இழையில் பட்டால் எங்கள் தோலை உரித்துத் தறியில் ஏற்றிவிடுவார்கள். "பாவு" என்று நான் சொன்னதும் இரண்டு பேரும் ஒரே அடியில் நின்று, வேறு தெருவைச் சுற்றிக்கொண்டு போவோம். அதற்கும் ஒரு "ம்" தான். கவுஸ் பேச்சில் கஞ்சன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலையிலும் இரண்டு பேர் வேண்டும். குழாய் முனையில் மரை வெட்டும்போது ஒருவன் அமுக்கிப் பிடிப்பான், ஒருவன் சுற்றுவான். மரையில் சணலைச் சுற்றி வெள்ளைப் பசை தடவி முடுக்கும்போது இரண்டு ரெஞ்சு, ஒன்று பிடிக்க, ஒன்று திருக. தெருவில் என்னைத் தனியாகப் பார்த்தால், இன்னொருத்தர் எங்கே என்று ஜனங்கள் கேட்பார்கள். எனக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடிக்கும்.

பிளாஸ்டிக் குழாயை நான் முதலில் பார்த்தது தென்னேரியில். என் மாமா கிணற்று மோட்டாருக்குக் கறுப்புச் சுருள் குழாய் வாங்கிப் போட்டிருந்தார். மூட்டே இல்லாமல் வரப்புக்கு வரப்பு தாவி, வளைகிற இடமெல்லாம் வளைந்து, வயலில் மலைப்பாம்பு போலப் படுத்துக் கிடந்தது. எலி கடித்த இடங்களில் தண்ணீர் பீய்ச்சியது. மாமா சைக்கிள் டியூபைக் கிழித்து அதற்குக் கட்டுப் போட்டிருந்தார். நான் நன்றாகச் சிரித்துவிட்டு வந்து, கவுஸிடம் சொல்லி அவனையும் சிரிக்க வைத்தேன். இதெல்லாம் ஒரு குழாயா, வயக்காட்டோடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

எழுபதுகளின் தொடக்கத்தில், நாங்கள் சாமான் எடுக்கும் நாயுடு கடையில் சாம்பல் நிறக் குழாய் வந்து இறங்கியது. இது சுருளவில்லை. அதே இருபது அடிக்கு விறைப்பாக நின்றது. மெட்ராஸிலிருந்து வந்த ஒருவர் கடை வாசலில் வேலை செய்து காட்டினார். ரம்பத்தால் அறுத்தார், பிசிறைச் சுரண்டினார், துணியால் துடைத்தார், பசையைத் தடவினார், ஒன்றுக்குள் ஒன்றைச் செருகிக் கால் சுற்று திருப்பிக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டார். முடிந்தது வேலை. மரை இல்லை, சணல் இல்லை, ரெஞ்சு இல்லை. துருப் பிடிக்காது, உள்ளே உப்பு ஏறாது, தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடும் என்றார். அந்த நெடியை நான் முதன்முதலாக முகர்ந்தது அன்றுதான்.

அவர் பேசி முடிப்பதற்குள் கவுஸ் ஒரு முழுக் குழாயை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு தெருக்கோடி வரை நடந்து, திரும்பியும் வந்துவிட்டான். தனியாக. வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். புதுப் பெண்டாட்டியோடு சினிமாவுக்குப் போகிறவன் முகம் அப்படி இருக்கும். சக்களத்தி வாசற்படி ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மூத்தவள் மாதிரி நான் நின்றேன். ஆம்பிளை சொல்லக் கூடாத உவமைதான். வேறு கிடைக்கவில்லை.

அவன் என்னைக் கூப்பிடாமல் இல்லை. "நீயும் வாபா. ஒரு மணி நேரத்துல கத்துக்கலாம்" என்றான். ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்கிறதற்குப் பேர் வேலையா என்று கேட்டேன். சில நாளில், சைக்கிளின் பக்கவாட்டில் குழாயைக் கட்டிக்கொண்டு தனியாகப் போக ஆரம்பித்தான். வைக்கோலைக் கொளுத்தி, அந்த அனலில் குழாய் முனையைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டுவான். இளகியதும் இன்னொரு குழாயை உள்ளே அழுத்தி வாயை விரித்துவிடுவான். இணைப்புக்குத் தனிச் சாமான் வாங்க வேண்டாம். கெட்டிக்காரன் என்று ஊர் பேசியது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். வேலை செய்யும்போது பாடுகிறான் என்று யாரோ சொன்னார்கள். நம்பாமல் ஒரு மதில் ஓரமாக நின்று கேட்டேன். பாடத்தான் செய்தான். உருதுப் பாட்டு, நல்ல குரல். என்னோடு தெருத்தெருவாக நடந்தபோது "ம்" என்பதற்கு மேல் ஒரு சொல் செலவழிக்காதவன், அந்தக் கருமாந்திரக் குழாயோடு பாடுகிறான்!

வேலை போய்விடும் என்ற பயம் எனக்குப் பெரிதாக இல்லை. இரும்புதான் வேண்டும் என்கிற வீடுகள் அப்போது நிறைய இருந்தன. எனக்கு என் ஆள் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான். அதற்கு அந்தக் குழாய் தோற்க வேண்டும். அவன் வேலை செய்த வீடுகளுக்கு ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு போவேன். தண்ணீர் கேட்டுக் குடித்துக்கொண்டே குழாய் மூட்டுக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். ஒரு சொட்டாவது கசியக் கூடாதா? காய்ந்து கிடக்கும். வெயில் பட்டால் நொறுங்கும், எலி விடாது, அந்தத் தண்ணீரில் குளித்தால் முடி கொட்டும் என்று ஊரெல்லாம் சொல்லிவந்தேன். வெயில் விஷயம் நிஜம். முடி விஷயம் நானே கட்டியது. ஒரு வீட்டம்மா என் தலையை நிதானமாகப் பார்த்துவிட்டு, "உனக்கு இரும்புக் கொழாத் தண்ணிலயே கொட்டிப்போச்சே, அது இன்னாபா?" என்று கேட்டாள்.

கவுஸுக்குப் பதிலாக வேறு ஆட்களைச் சேர்த்துப் பார்த்தேன். ஒருவன் நெட்டை, குழாய் என் பக்கம் சரியும். ஒருவன் ஓயாமல் பேசுவான். ஒருவனுக்கு என் அடி பிடிபடவே இல்லை, நான் இடது வைத்தால் அவன் வலது வைப்பான், குழாய் தோளில் குதித்துக் காறை எலும்பில் இடிக்கும். அப்போதெல்லாம் கவுஸின் மேல் கோபம் வராது. அந்தக் குழாயின் மேல்தான் வரும்.

என் வேண்டுதல் ஒரு சாயப் பட்டறையில் பலித்தது. கச்சாப் பட்டு நூலைச் சோப்புத் தண்ணீரில் கொதிக்க வைத்து அதில் ஒட்டியிருக்கும் பசையைப் போக்குவார்கள், அப்புறம் சாய அண்டாவிலும் கொதிநீர்தான். அந்தத் தண்ணீரைச் சந்துக்கோடிச் சாக்கடைக்குக் கொண்டுபோக, சுவர் நெடுகக் கவுஸ் சாம்பல் குழாய் போட்டிருந்தான். நெருப்பில்தான் இளகும், எந்தத் தண்ணீருக்கும் ஆகும் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். குழாய் கோணிக்கொண்டது என்று என் காதுக்கு வந்ததும், தலை வாரிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போகிறவன் போலப் போனேன். அடடா, அந்தக் காட்சி! கொக்கிக்குக் கொக்கி நடுவே குழாய் வெந்த முருங்கைக்காயாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு மூட்டு கழன்று, அரக்குச் சாயத் தண்ணீர் சுவரில் வழிந்திருந்தது.

கவுஸ் அங்கேதான் இருந்தான். அவமானப்பட்டவனாகத் தெரியவில்லை. தொங்கிய இடத்தை விரலால் அமுக்கிப் பார்த்தபடி, "சூடு மட்டும்தான் ஒத்துக்கல. மத்தபடி தங்கமான பொண்ணு" என்றான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள். அதற்குச் சூடு ஆகாது என்கிற இந்த ஒரு குறைதான் இத்தனை காலமும் எனக்கு மிச்சமிருந்த ஆறுதல். பட்டறைக்காரர் இரும்பே போட்டுவிடச் சொன்னார். பழைய குருடி கதவைத் திறடி! ரெண்டரை இஞ்சுக் குழாய், ஒரு ஆள் தூக்குகிற சமாச்சாரம் இல்லை. எனக்கு ஆள் யாரும் இல்லையே என்று பட்டறைக்காரரிடம், ஆனால் கவுஸின் காதில் விழுகிற மாதிரி, சொன்னேன். கவுஸ் கையைத் துடைத்துக்கொண்டு, "நா வரேன்" என்றான்.

அன்றைக்கு நான் நடந்த நடையை ஊர் பார்த்திருக்க வேண்டும். பின்னால் அதே அடி, அதே "ம்". இடிக்கவில்லை, சரியவில்லை. இன்னொருத்தர் எங்கே என்று யாராவது கேட்க மாட்டார்களா, பின்னால் பார் என்று சொல்லலாமே என்று இருந்தது. வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

குழாய்களை அங்கே சேர்த்த பிறகு, பட்டறைக்காரர் புதிதாகக் கட்டுவதாக இருந்த இரண்டாவது தொட்டி இப்போதைக்கு வேண்டாம் என்று மனதை மாற்றிக்கொண்டார். ஒரு முழுக் குழாய் மிச்சம், கடைக்குத் திருப்ப வேண்டும். நாங்கள் அளந்து எடுக்கிறவர்கள், முழுக் குழாய் திரும்பிப் போனது அதற்கு முன் நடந்ததே இல்லை. அந்தச் சந்தில் இருபது அடியைத் திருப்ப முடியாது. அதனால் வரும்போது பின்னால் இருந்த கவுஸ், போகும்போது முன்னால் ஆனான்.

நாலு எட்டு போயிருப்போம். சந்தின் நடுவே ஒரு குழி. அவன் தாண்டிவிட்டான். "பள்ளம்" என்று சொல்லவில்லை. என் கால் அதில் இறங்கி, குழாய் சாய்ந்து, இரண்டு பேருமாகத் தடுமாறிக் கீழே வைத்தோம். கோபத்தோடு நிமிர்ந்து, வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்கப் போனேன். கவுஸ் திரும்பினான். அவன் வாயில் துண்டின் முனை இருந்தது. கடவாய்ப் பல்லால் அழுத்திக் கடித்துக்கொண்டிருந்தான். கண் இரண்டும் சிவந்து தண்ணீர் நிறைந்திருந்தது. வலது கை தொங்கிக்கொண்டிருந்தது.

துண்டை எடுத்துவிட்டு, தோள்பட்டை எலும்பு பிசகின இடம் என்றான். எத்தனை நாளாக என்று கேட்டேன். நாங்கள் சேர்ந்த அடுத்த வருடத்திலிருந்தே அப்படித்தானாம். பாரம் ஏறினால் கத்த வேண்டும் போல இருக்குமாம், அதற்குத்தான் துண்டாம். அத்தனை வருடமும் வாய் நிறையத் துணியை வைத்துக்கொண்டுதான் எனக்கு "ம்" சொல்லியிருக்கிறான்.

"ஏன்பா என்கிட்ட சொல்லல?" என்றேன்.

"சொன்னா நீ வேற ஆளு பாத்துக்கினு போயிருப்ப இல்ல" என்றான்.

அந்தக் குழாயை அதற்கு மேல் அவனைத் தொட விடவில்லை. கடைக்குச் சொல்லி அனுப்பி ஆட்களை வரவழைத்துத் தூக்கச் சொன்னேன். பட்டறை வேலை முடிந்ததும் கவுஸிடம் உட்கார்ந்து பசை வேலை கற்றுக்கொண்டேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இனி சேர்ந்தே செய்யலாம் என்று இருவருக்கும் ஆசைதான். ஆனால் இரண்டு பேர் செய்ய அந்தக் குழாயில் வேலை இருந்தால்தானே? ஒருவன் செருகும்போது இன்னொருவன் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். கொஞ்ச நாளில் அவன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகச் சைக்கிளில் போக ஆரம்பித்தோம். எப்போதாவது டீக்கடையில் பார்த்துக்கொள்வோம்.

நாயுடு கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். சாயப் பட்டறையை இடித்து லாட்ஜ் கட்டியாகிவிட்டது, நாங்கள் போட்ட இரும்பு பழைய இரும்புக்குப் போயிருக்கும். குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவை மறித்துப் போகிற இரண்டு பேரை இன்றைக்குக் காஞ்சிபுரத்தில் எங்கேயும் பார்க்க முடியாது. கவுஸ் போய்ச் சேர்ந்தும் சில வருடங்கள் ஆகின்றன. துக்கத்துக்குப் போனபோது அவன் சம்சாரம் சொன்னாள், பிளாஸ்டிக் வேலைக்கு மாறின பிறகு அவருக்கு அந்தத் தோள் ஒரு நாளும் வலிக்கவில்லை என்று. நான் தலையாட்டினேன். அவனோடு அத்தனை தெருவும் நடந்தவன் நான். எனக்குத் தெரியாதது, கடை வாசலில் அவன் தோளில் ஏறின அன்றே அந்தக் குழாய்க்குத் தெரிந்துபோயிற்று. அதை நான் எப்படி மன்னிக்க முடியும்?