தண்ணி அடிக்க வேண்டாத சிமெண்ட்

புதுப்பட்டினம் தர்மராஜ் மேஸ்திரி வருஷக்கணக்கில் சாரம் ஏறி இறங்கியவர். உடம்பில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அப்படிப்பட்டவர் இடுப்பை ஒடித்துக்கொண்டது தன் வீட்டுக் குளியலறையில். அந்தத் தரையைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கியவரும் அவரேதான். "கண்ணாடி மாதிரி போட்டேன், கண்ணாடி மாதிரியே வழுக்கிச்சு. வேலன்னா அது வேல" என்று பிற்பாடு தானே சொல்லிச் சிரிப்பார்.

தொண்ணூற்றெட்டில் செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒடிந்த எலும்புத் தலையை எடுத்துவிட்டு, தண்டு வைத்த உலோகக் குண்டைத் தொடை எலும்புக்குள் இறக்கி, சிமெண்ட் வைத்துப் பிடிக்கவைப்போம் என்றார் டாக்டர் ஜானகிராமன். சிமெண்ட் என்றதுமே மேஸ்திரிக்குப் பாதி வலி போய்விட்டது.

"எந்த கிரேடு சார்? நாப்பத்தி மூணா, அம்பத்தி மூணா?"

"பேருதான் மேஸ்திரி சிமெண்ட். இது பொடியையும் திரவத்தையும் கலக்குற பிளாஸ்டிக் ஜாதி. கால்சியம் பாஸ்பேட்ல இன்னொரு சிமெண்ட் இருக்கு, அது ஈரத்துலேயே இறுகும். உங்களுக்கு வைக்கிறது அது இல்லை."

இத்தனை பெரிய விளக்கத்தில் மேஸ்திரியின் காதில் விழுந்தது 'ஈரத்துலேயே இறுகும்' என்பது மட்டும்தான்.

ஆபரேஷனுக்கு மறுநாள் காலை நர்ஸ் ரெஜினா வாக்கரோடு வந்து எழுந்து நிற்கச் சொன்னாள். மேஸ்திரி பதறிப்போனார். நேற்றுப் போட்ட தளத்தில் இன்றைக்கே ஆள் ஏறுவதா? அப்படி ஏறிய சித்தாள்களை அவர் கரண்டியோடு துரத்தியிருக்கிறார்.

"இன்னாம்மா நீ, வெவரம் தெரியாம! இருவத்தோரு நாள் ஆவாம கால ஊன மாட்டேன்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அன்று பார்க்க வந்த மச்சான் ரவிச்சந்திரனிடம், "இதுக்கு வேளாவேளைக்கு தண்ணி அடிக்கணும் மச்சான், இவுங்களுக்குத் தெரியல" என்று கிசுகிசுத்தார். மச்சான் பாசக்காரன். சாயங்காலமே டிபன் கேரியரின் அடித்தட்டில் ஒரு குவாட்டர் பாட்டிலோடு வந்து நின்றான்.

"அடப்பாவி, கட்டடத்துக்கு அடிக்கிற தண்ணிடா!"

யாரையும் நம்பிப் பயனில்லை என்று மேஸ்திரி தானே களத்தில் இறங்கினார். சொம்புத் தண்ணீரில் துண்டை நனைத்து, இடுப்புக் கட்டின்மேல் போட்டு, போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். புதுத் தளத்தை ஈரச்சாக்கு போட்டு இறுகவைப்பது போல, செய்நேர்த்தியான க்யூரிங்.

ரெஜினா கண்டுபிடித்தபோது கட்டு சொதசொதவென்று ஊறியிருந்தது. கட்டை மாற்றிய டாக்டர் முகத்தில் சிரிப்பே இல்லை.

"தையல் வழியா கிருமி போய்ச் சீழ் வச்சா, வச்ச குண்டையே புடுங்கணும். இப்படியே படுத்திருந்தா கால்ல ரத்தம் உறையும், உயிருக்கே ஆபத்து. நடக்கணுமா வேணாமா, நீங்களே முடிவு பண்ணுங்க" என்றவர், பச்சை அங்கியின் பையிலிருந்து சுண்டைக்காய் அளவு வெள்ளை உருண்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அன்று காலை வேறொருவருக்குக் கலந்ததில் மிச்சம். கால் மணி நேரத்துக்குள் சூடாகி இறுகிவிட்டதாம்.

மேஸ்திரி அதை நகத்தால் கீறினார். கட்டில் கம்பியில் தட்டினார். 'ணங்' என்றது. இறுகித்தான் இருந்தது. இருந்தும் எழுந்திருக்கவில்லை. போர்வையை மறுபடி இழுத்துக்கொண்டார்.

மனைவி ரெபேக்காள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். விழுந்த நாளிலிருந்து அவருக்குப் பெட்பேன் வைத்து எடுப்பவள் அவள்தான்.

"சிமெண்டு எப்பவோ இறுகிட்ச்சுய்யா" என்றாள். "நீதான் பயந்துகினு கீற."

ரெஜினா எதிரில் இப்படிச் சொல்லிவிட்டாளே என்று மேஸ்திரிக்குச் சுருக்கென்றது. உண்மை என்பதால் இன்னும் கொஞ்சம் சுருக்கென்றது. கால் ஊன்றி, அது தாங்காமல் போய்விட்டால்? அப்புறம் சொல்லிக்கொள்ள ஒரு சாக்குகூட மிஞ்சாது. அதற்காகத்தான் இத்தனை தொழில்ஞானமும். வெட்கமாக இருந்தது.

வாக்கரைப் பிடித்தார். ரெபேக்காள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். உயிர் போகும்போல் வலித்தது. ஆனால் கால் நின்றது. தன் தோளருகில் சட்டை இறுகுவது தெரிந்து திரும்பினார். ரெபேக்காளின் கை அதைக் கொத்தாகப் பிடித்திருந்தது. அவளும் இத்தனை நாளாகப் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"வுடு ரெபேக்கா, நின்னுட்டேன்."

அவள் விடவில்லை.