நைனாவின் ரத்தமும் கழிப்பறை வாசலும்

என் நைனாவுக்கு ரத்தம் கெட்டியாகும் நோய். அவ்வப்போது ஒரு பை ரத்தத்தை எடுத்துக் கொட்டிவிட வேண்டும்.

சென்னை பெரியாஸ்பத்திரியில் கூட்டம் நெரியும். ஆனாலும் ரத்ததானம் செய்ய வருகிறவர்களோடு படுக்க வைத்துத்தான் எடுப்பார்கள். முடிந்ததும் பிஸ்கட்கூடக் கொடுப்பார்கள்.

அலைச்சல் குறையுமே என்று இன்று மீஞ்சூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன்.

கழிப்பறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து ஊசி குத்தினார்கள். ரத்தப் பை ஈரத்தரையில் கிடந்தது. தரை துடைக்க வந்தவர் அதை மாப்பால் ஓரமாகத் தள்ளினார்.

"கட்டில் இல்லையா சிஸ்டர்?"

"உங்கப்பா மேல இறால் கவுச்சிம்மா. மத்த பேஷன்ட்டுங்க கத்துவாங்க."

நைனா ஏரியில் கையால் இறால் தடவிப் பிடிக்கிறவர். ஆஸ்பத்திரிக்கென்றே காலையில் விரல்களுக்கு எலுமிச்சம்பழம் தேய்த்துக் குளித்திருந்தார்.

நைனா சிரித்தார்.

"இன்னா சிஸ்டர், இந்த கக்கூஸ் நாத்தத்துக்கு நான் மூக்கப் பொத்துனேனா?"

எழுந்தவர் தலை சுற்றி என்மேல் சாய்ந்தார். அப்போதும் கட்டில் தரவில்லை. அந்த வாசலிலேயே என் மடியில் படுக்க வைத்தேன்.

கிளம்பும்போது அதே சிஸ்டர் கிசுகிசுத்தார்: "அடுத்த வாட்டி வர்றப்ப நல்ல இறாலா கொஞ்சம் எடுத்தாந்து குடும்மா."

நான் நைனாவைத் தாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?